வீடு வாங்குமுன் ஒரு டேங்கர் தண்ணீர்

அந்த வறண்ட வருஷங்களில் திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. சில சமயம் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். அப்படி இருந்த ஊரில், இன்னும் எங்களுக்குச் சொந்தமாகாத ஒரு வீட்டின் மொட்டை மாடியில் அரை டேங்கர் தண்ணீரைக் கொட்டி நிறுத்திவைத்தோம். இப்போது சொல்லும்போதுகூட எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஒரே மகள் ஆறாம் வகுப்பு படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஐந்து வாடகை வீடு மாறியிருந்தோம். ஐந்தாவது வீட்டுக்காரர் தன் பையனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு, அடுத்த தை மாதத்துக்குள் காலி செய்து தரச் சொன்னார். இனி சாமான் ஏற்ற என்னால் முடியாது என்று நான் சொன்னேன். பி.எஃப். கடனும் நகையும் சேர்த்தால் பழைய வீடு ஒன்று வாங்கலாம். அதற்குமேல் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்குள் வீட்டைப் பழுது பார்த்துக் குடியேற முடியுமா என்பதுதான் கேள்வி.

நாகல் நகர் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. திருச்சியில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உயரமான கூடம், மேலே மர உத்தரங்களும் கட்டைகளும் போட்ட பழைய காலத்து மட்டப்பா கூரை. பங்குனி வெயிலில் போய்ப் பார்த்தோம். ஃபேன் ஓடாமலே கூடம் குளுகுளுவென்று இருந்தது. என் கணவர் அங்கேயே மயங்கிவிட்டார். மாடிக்குப் போய் மலைக்கோட்டையைப் பார்த்தபடி நின்றவர், "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

"எம்புட்டு செலவாகும்னு தெரியணும்," என்றேன்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் டெப்போவில் ஒருவருக்குத் தெரிந்தவர். மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஷூவோடு உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மாடிக்கு ஏறவில்லை. வீட்டுக்காரர் எங்களுக்காகத் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் கான்ட்ராக்டர் சொன்னார்: "சார், இது வீடில்ல, மனை. மனைக்கு மட்டும் காசு குடுங்க. இதை இடிச்சு அள்ளுறதுக்கே தனியா ஆகும்." புதிதாகக் கட்ட ஆகும் தொகையையும் வாயாலேயே சொன்னார். அது வீட்டின் விலைக்குச் சமமாக இருந்தது.

வீட்டுக்காரர் டீயை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். எல்லோரும் குடித்து முடிக்கும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாங்கள்தான் வாங்க வந்தவர்கள், எங்களுக்காகத்தான் அந்த மனுஷன் இதைக் கேட்க வேண்டியிருந்தது என்று எனக்கு உறுத்தியது.

இரண்டாவதாக வந்தவர் இன்ஜினியர். மெயின் ரோட்டில் ஆபீஸ் வைத்திருந்தார். டேப் பிடிக்க ஆள் கூட்டிவந்தார், மரியாதையாகப் பேசினார், இரண்டே நாளில் கம்ப்யூட்டரில் அடித்த எஸ்டிமேட் கொடுத்தார். வெள்ளையடிப்பு, டைல்ஸ், ஒயரிங், பாத்ரூம் என்று அழகாகக் கட்டம் கட்டமாக இருந்தது. முதல் ஆள் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. எங்கள் கையிருப்புக்குள் அடங்கி, திரைச்சீலை வாங்கவும் மிஞ்சியது. கணவர் உடனே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். நான் கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கூட்ட வேண்டியதெல்லாம் அதில் இருந்ததா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரும் இப்படி அஞ்சு மடங்கு வித்தியாசமா சொன்னா, ரெண்டுல ஒன்னை எப்படி நம்புறது?" என்றேன்.

"அப்ப இன்னும் எத்தனை பேரைக் கூட்டிட்டு வரப் போற?"

"ஒரே ஒருத்தர்."

அப்போது எங்கள் பள்ளியில் புதிதாகச் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை எடுத்திருந்தது ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, சட்டைப் பையில் டேப். குஜிலியம்பாறைப் பக்கம் மழை பொய்த்துப்போய், புருஷனோடு இந்த ஊருக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர். புருஷன் நல்ல கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு அவரால் ஏறி வேலை பார்க்க முடியவில்லை. அவருடைய ஆட்களை இவரே நடத்த ஆரம்பித்து, அப்படியே மேஸ்திரி ஆகிவிட்டார். ஆட்கள் 'மேஸ்திரியக்கா' என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

இடைவேளையில் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாக்குறதுக்குத் தனியாக் கூலி வாங்குவேன் டீச்சர். வேலை எனக்கு வந்தாலும் வராட்டியும் அது எங் கூலி. சம்மதம்னா வாரேன்," என்றார்.

மற்ற இரண்டு பேரும் இலவசமாகப் பார்த்தார்களே என்று கணவர் முணுமுணுத்தார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. சம்மதித்தேன்.

மேஸ்திரியக்கா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஐயா, நீங்க இங்க எத்தனை வருசமா இருக்கீங்க? எங்கெங்க என்ன பண்ணியிருக்கீங்க? செத்த நேரம் உக்காந்து சொல்லுங்க," என்றார்.

அவர் உட்காரவில்லை. நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். இந்தக் கதவு எப்போது மாற்றியது, இந்தப் பூச்சு எப்போது உதிர்ந்தது, பின் அறைக்கு எந்த வருஷம் சிமென்ட் தரை போட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. அக்கா சுத்தியல் பிடியால் உத்தரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். சுவருக்குள் போகும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார். "சுண்ணாம்புச் சுவரு. நல்லா இறுகி நிக்குது. இதுல கை வைக்கவே வேணாம். உத்தரம் தேக்குங்க ஐயா, இப்பக் கெடைக்காது," என்றார். முதல் ஆள் வந்துபோன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது.

மாடிக்கு ஏறியதும் அக்கா கேட்டார். "ஒழுகுமா ஐயா?"

"பெஞ்சாத்தானம்மா தெரியும். நல்ல மழை பெஞ்சு மூணு வருசமாச்சு."

"அப்ப எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு நான் ரேட்டு சொல்ல மாட்டேன். மழை பெய்யட்டும், சொல்றேன்."

அதற்கு எங்களால் காத்திருக்க முடியாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை முடிவு சொல்ல வருவதாக இருந்தது. அக்கா கொஞ்சம் யோசித்தார். "மழையை நாமளே கொண்டாந்துருவோம். மடையை அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி, பொழுதுக்கும் நிறுத்திப் பாத்தா தெரிஞ்சு போகும்." கணவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், "பாத்துக்கங்க. எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்," என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டிராக்டர் டேங்கர் வந்தது. மாடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அக்கா அடைத்திருந்தார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் தெருவில் குடங்கள் வந்து நின்றன. விலைக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஓஸ் குழாய் மாடிக்கு ஏறுவதைப் பார்த்ததும் பேச்சு மாறியது.

"ஏத்தா, அங்க எதுக்குப் போகுது தண்ணி? டேங்க்கும் கெடையாதே."

"மாடியில சும்மா ஊத்துறாங்களாம்."

"சும்மாவா? குடிக்கத் தண்ணியில்லாம நாங்க சாகுறோம், நீங்க மாடியக் குளிப்பாட்டுறீங்களா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா?"

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டேங்கர்க்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றார். ஒரு டீச்சர், அதுவும் அந்தத் தெருவில் குடிவர நினைக்கிறவள், முதல் நாளே இப்படி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று நான் குறுகிப்போனேன். மேஸ்திரியக்காதான் படியில் இறங்கி வந்தார்.

"அம்மா, ஒரு சொட்டு வீணாப் போகாது. மாடியக் கழுவித் துடைச்சுத்தான் ஊத்துறோம். சாயங்காலம் நாலு மணிக்கு அடைப்பை எடுப்பேன். அந்தா அந்தக் குழாய் வழியாத்தான் வரும். குடிக்க ஆகாது; பாத்திரம் வெளக்க, துணி தொவைக்க ஆகும். வீட்டுக்கு மூணு குடம். டேங்கர்ல மிச்சம் இருக்குற நல்ல தண்ணி இப்பவே ஒங்களுக்குத்தான். டீச்சர் குடுக்குறாங்க."

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வேகமாகத் தலையாட்டினேன். மாடியில் இரண்டு அங்குலம் நின்றதும், டேங்கரில் மிச்சமிருந்த பாதி பத்து நிமிஷத்தில் காலியானது.

அன்று முழுக்க நாங்கள் கூடத்தில் பாய் விரித்து, கூரையைப் பார்த்தபடியே கிடந்தோம். வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அது வேடிக்கை. பதினொரு மணிவரை ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்குத் தெருப்பக்க மூலையில், ஒரு உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பித்தது. அக்கா அந்த இடத்தில் கரிக்கட்டியால் வட்டம் போட்டார். வேறு எங்கேயும் சொட்டவில்லை. "அம்புட்டுதான். அந்த முனையை மட்டும் தொறந்து பாக்கணும். மாடியில புதுசாத் தட்டு ஓடு பதிச்சாப் போதும்," என்றார். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார்.

நாலு மணிக்குக் குழாய்க்குக் கீழே வரிசை நின்றது. அக்கா மேலிருந்து அடைப்பை எடுத்ததும் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. காலையில் ஏசியவர்களே இப்போது என்னிடம் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார்கள். எதிர்வீட்டில் இருந்த அம்மா பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். மூன்றாவது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த வீட்டுக் கெணத்தை மட்டும் மூடாம இருந்திருந்தா, இப்படிக் குழாயடியில நிக்கிற பாடு எதுக்கு? தெருவுக்கே ஊத்துன கெணறு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் நின்றிருந்தார். அந்த வீட்டில் கிணறு இருந்ததாக அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

அக்கா கீழே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கெணறு எங்க இருந்துச்சு ஐயா?"

அவர் உள்ளே போனார். நாங்கள் பின்னால் போனோம். சமையல்கட்டில் அடுப்புத் திட்டுக்கு மேலே ஒரு பெரிய மாதா படக் காலண்டர் தொங்கியது. அதை அவரே கழற்றினார். அதற்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், ஒரு விரல் நுழையும் அகலம்.

"இதுக்குக் கீழதான். தண்ணி வத்திப்போச்சு, ஒரு ஆட்டுக்குட்டி வேற விழுந்துருச்சு. மூடிட்டு அதுமேல சமையல்கட்டை இழுத்துக் கட்டினேன். இடிச்ச செங்கல், குப்பை, கையில அகப்பட்டதையெல்லாம் போட்டுத்தான் மூடினேன். ரெண்டு வருசத்துல எறங்க ஆரம்பிச்சுருச்சு." காலண்டரைத் திட்டில் வைத்தபடி, "சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன்," என்றார்.

அக்கா கடப்பாரையால் சிவப்புத் தரையைத் தட்டினார். ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம். நடுவில் கேட்ட அந்தச் சத்தத்தில் என் மகள் சட்டென்று இரண்டடி பின்னால் வந்துவிட்டாள்.

என் கணவர் சுலபத்தில் கோபப்படுகிறவர் அல்ல. "ஒழுகுதான்னு பாக்க நாள் பூரா எங்களோட மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே சார். அப்பவாவது சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். எனக்கும் கோபம்தான். ஆனால் இது இப்போதே தெரிந்துவிட்டதே என்ற நிம்மதி அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தரையில் நின்று சமைத்திருப்போம்.

"மறைச்சது தப்புங்க ஐயா. கெணறு இருக்குறது தப்பில்ல," என்று சொல்லிவிட்டு அக்கா கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

மறுநாள் நாங்கள் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்தபோது அக்கா எங்கள் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுதுவது அவ்வளவாக வராது. சொல்லச் சொல்ல நான் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். குடி வருமுன் செய்தே ஆக வேண்டியவை ஒரு பக்கம். இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடக்கூடியவை இன்னொரு பக்கம். ஒயரிங் முதல் பக்கத்தில் வந்தது. டைல்ஸும் சுற்றுச்சுவரும் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. கடைசியில், "தெரியாததுன்னு ஒன்னு போடுங்க டீச்சர்," என்றார்.

"அது எதுக்கு?"

"தொறந்தாத்தான் தெரியிற வேலை இருக்கும். இப்ப வைக்காட்டி அப்ப எங்கிட்டச் சண்டைக்கு வருவீங்க."

முதல் பக்கம் மட்டுமே இன்ஜினியர் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. கிணற்றைத் தோண்டிக் கெட்டியாக நிரப்பி, அதன்மேல் சமையல்கட்டைத் திரும்பக் கட்டுவதுதான் எங்கள் கைக்கு எட்டவில்லை. "அப்ப விட்டுருவோம்," என்றார் கணவர்.

"விட்டாலும் சரிதான் அண்ணே. எங் கூலிய வாங்கிட்டேன். ஆனா ஒன்னு கேளுங்க. அங்க ஏன் திரும்பக் கட்டணும்? பின் அறையச் சமையல்கட்டா மாத்திக்கங்க. தரை நல்ல தரை, கெழக்க ஜன்னல் இருக்கு. எறங்குனதை இடிச்சுட்டு, கெணத்தைத் தொறந்து தூர் எடுத்து, மாடித் தண்ணிய அதுல விட்டுருங்க. எப்படியும் மழைத்தண்ணி சேமிக்கணும்னு கவர்மென்ட் சொல்லுதுல்ல. கட்டுறதுல பாதிகூட ஆகாது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது கொஞ்சம்தான் துண்டு விழுந்தது.

அன்று சாயங்காலமே அந்தத் தாளோடு வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாராட்டும் குறையும் சேர்ந்த தாள் அது. ஒழுகிய மூலை தவிர உத்தரம், சுவர் எல்லாவற்றுக்கும் நேரே 'தேவையில்லை' என்று எழுதியிருந்தேன். கிணற்று வரியில் விரலை வைத்து, "இதை என் விலையில கழிச்சுக்கங்க," என்றார். பேரம் பேசுவதற்காக வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த எதையும் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு ஒட்டன்சத்திரத்துக்காரர் வர்றாரே?" என்று கணவர் கேட்டார்.

"வருவாரு. அவர்கிட்டயும் காலண்டரைக் கழட்டிக் காட்டணும். ஒரு தடவை காட்டுனது போதும் தம்பி, வீடு ஒங்களுக்குத்தான்."

பத்திரம் முடிந்ததும் அவர் திருச்சிக்குப் போய்விட்டார். வேலை மூன்று மாதம் நடந்தது. கரி வட்டம் போட்ட மூலையைத் திறந்தபோது கரையான் நினைத்ததைவிட உள்ளே போயிருந்தது. 'தெரியாதது' முழுக்க அங்கேயே தீர்ந்தது. அதற்குமேலும் கொஞ்சம் ஆனது. அக்கா அதில் பாதியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார், தான் இன்னும் ஆழமாகக் குத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று. கிணற்றில் ஒரு வாரம் தூர் எடுத்தார்கள். செங்கல், ஓடு, ஒரு மிதிவண்டியின் பாதி எல்லாம் வந்தன, தண்ணீர் மட்டும் வரவில்லை. அடுத்த வருஷ மழைக்கு ஈரம் கண்டது. அதற்கும் அடுத்த ஐப்பசியில் விடாமல் பெய்தபோது, வாளி போட்டால் மொள்ளும் அளவுக்கு நின்றது.

கடைசி வாரத்தில் அக்காவுக்குப் பழனியில் ஒரு லாட்ஜ் வேலை கிடைத்தது. பெரிய வேலை, விட முடியாது. பெயின்ட் மட்டும் பாக்கி. "அது யாரு வேணாலும் அடிக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஆட்களோடு பஸ் ஏறினார். ஆளுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாததால் என் கணவரே இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடித்தார். பஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரி மூன்று பூச்சு, பச்சை எனாமல். கூடத்து ஜன்னல் ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைத் திறக்க அவர் அரத்தையும் கத்தியையும் வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கு நின்றார். பாதி திறந்தது. காற்றுக்கு அது போதும் என்று விட்டுவிட்டோம்.